உடலின் காந்தமும் அதனை அளக்கும் சாலையும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டு விழா மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவார்கள். சிலம்பும் கம்பனும் பாரதியும் இம்மேடையில் பலமுறை முழங்கக் கேட்டிருக்கிறோம். இவ்வாண்டு நிர்வாகக் குழுவினர், “விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுங்கள்; ஆனால் கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தக்கதாக ஏதேனும் இருக்கவேண்டும்” என்று பணித்தார்கள். யாம் விஞ்ஞானி அல்லோம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் குமாஸ்தா. எனினும், படித்துத் தெரிந்துகொண்டதை எம்மைப் போன்றவர்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லுதல் குற்றமாகாது என்னும் துணிவோடு உங்கள் முன் நிற்கிறோம்.

பொருள் என்னவென்றால், மனித உடலில் தோன்றும் காந்தத்தை அளந்து நோயறியும் கருவிகளும், அக்கருவிகளை உருவாக்கும் ஆராய்ச்சிச் சாலைகளும் ஆகும். இதனைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, சில ஆண்டுகளாக நம் குடியிருப்புகளில் காந்தப் படுக்கை, காந்த வளையல், காந்தத் தண்ணீர்ச் செம்பு என்று விற்பவர்கள் வீடு வீடாக வருகிறார்கள். ஓய்வு பெற்றோர் கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியை அப்படுக்கைக்குக் கொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். இரண்டாவது, ரயில் நிலைய மேடையில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், “இரும்பு கொடுங்கள், சாவி கொடுங்கள்” என்று நாற்புறமும் குரல் எழும்புகிறது. எமது பணிக்காலத்தில் இதனைப் பன்முறை கண்டிருக்கிறோம். இரும்பு, காந்தம், உடல் ஆகிய மூன்றுக்கும் ஏதோ உறவு உண்டு என்று மக்கள் நம்புகிறார்கள். உறவு உண்டு, ஆனால் அது அவர்கள் எண்ணுகிற உறவன்று. மெய்யான உறவு எது என்பதே இன்றைய பேச்சு.

திருவனந்தபுரமும் காந்தமும்

காந்த ஆராய்ச்சி என்றவுடன் வெளிநாட்டை நோக்கி ஓடவேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் இந்தத் தம்பானூரிலிருந்து பாளையம் பக்கம் சென்றால் வானிலையக் குன்று இருக்கிறது. அங்குள்ள வான் ஆய்வு நிலையம் 1837-ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் எழுந்தது. இசையில் வல்ல அந்த மன்னர் விண்ணையும் ஆராய விரும்பினார். ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர் முதல் தலைவராக இருந்தார். 1852-இல் அப்பொறுப்புக்கு வந்த ஜான் ஆலன் புரூன் என்பவர் பூமியின் காந்தத்தை அளப்பதையே பெரும் பணியாகக் கொண்டார்.

புரூன் இந்நகரோடு நிற்கவில்லை. 1855-இல் அகத்திய மலையின் உச்சியில், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ஒரு காந்த ஆய்வு நிலையத்தை அமைத்தார். காடும் மழையும் காற்றும் நிறைந்த அம்மலைமீது கருவிகளைச் சுமந்து சென்றவர்கள் யார் யாரோ! தமிழுக்கு இலக்கணம் செய்தவர் என்று நாம் போற்றும் முனிவரின் பெயர் தாங்கிய அம்மலையில், காந்த முள் மணிக்கு மணி எவ்வளவு அசைகிறது என்று எழுதி வைத்தார்கள். கீழே திருவனந்தபுரத்திலும் மேலே மலையிலும் எடுத்த கணக்குகள் 1874-இல் நூலாக வெளிவந்தன.

ஏன் திருவனந்தபுரம்? காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அக்கோட்டில் தொங்கவிட்ட காந்த முள் வடபுறமோ தென்புறமோ தலை சாயாமல் துலாக்கோல் போல் கிடையாக நிற்கும். அக்கோடு நம் நகருக்கு அண்மையில் செல்கிறது. இதே காரணத்தால்தான் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தது. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. ஆகவே, பூமியின் காந்தத்தை உற்று நோக்கிய வரலாறு இந்நகருக்குப் புதியதன்று. பூமியின் காந்தத்தை அளந்த மனிதன் அடுத்துத் தன் நெஞ்சின் காந்தத்தை அளக்க முனைந்தான். அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

உடலில் காந்தம் எங்கிருந்து வருகிறது?

1820-இல் டென்மார்க்கு நாட்டு ஓர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த முள் திரும்புவதைக் கண்டார். மின்சாரம் ஓடுமிடத்திலெல்லாம் காந்தமும் உண்டு என்பது அன்று விளங்கிற்று. நம் இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் சிறு மின்னோட்டம் அதன் தசையூடே பரவுகிறது. மருத்துவமனையில் மார்பில் கம்பிகளை ஒட்டி எடுக்கும் இ.சி.ஜி. என்பது அம்மின்சாரத்தின் படமே. மூளையிலும் அவ்வாறே பல்லாயிரம் நரம்பணுக்கள் ஒருங்கே இயங்கும்போது மின்னோட்டம் எழுகிறது, அதனை இ.இ.ஜி. காட்டுகிறது. மின்னோட்டம் இருப்பதால் இருதயத்தைச் சுற்றியும் தலையைச் சுற்றியும் காந்தப் புலமும் இருந்தே தீரவேண்டும்.

இருக்கிறது, ஆனால் எவ்வளவு? பூமியின் காந்தம் நம் ஊரில் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. இருதயத்தின் காந்தம் அதில் பல லட்சத்தில் ஒரு பங்கு. மூளையின் காந்தமோ ஏறக்குறைய 40 கோடியில் ஒரு பங்கு. குமாஸ்தாவின் மொழியில் சொல்வதானால், 40 கோடி ரூபாய் வரவு செலவுள்ள பேரேட்டில் ஒரே ஒரு ரூபாய் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும், அந்த 40 கோடியும் ஒரு நிலையில் நில்லாமல், ஒவ்வொரு ரயில் செல்லும்போதும், ஒவ்வொரு மின்தூக்கி ஏறி இறங்கும்போதும் ஏறிக் குறைந்துகொண்டிருக்கும் நிலையில் கண்டுபிடிக்க வேண்டும். இத்துறையின் அருமை இதிலேதான் இருக்கிறது.

1963-இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌலி, மக்ஃபீ என்னும் இருவர் முதன்முதலாக இருதயத்தின் காந்தத்தைப் பதிவு செய்தனர். ஒவ்வொன்றிலும் 20 லட்சம் சுற்றுக் கம்பி சுற்றிய இரண்டு சுருள்களை அதற்குப் பயன்படுத்தினர். கட்டடங்களின் மின்சார இரைச்சலிலிருந்து விலகித் திறந்த வெளியில் அளந்தனர். 1968-இல் டேவிட் கோஹன் என்பவர் மூளையின் காந்தத்தையும் பதிவு செய்து காட்டினார். ஆயினும் செப்புச் சுருளின் வல்லமை அவ்வளவே. அதற்கு மேல் செல்லப் புதிய உணர்கருவி வேண்டியிருந்தது.

குளிரில் பிறந்த கருவி

அப்புதிய கருவியின் பெயர் ஸ்குவிட். அதன் கதை குளிரில் தொடங்குகிறது. 1908-இல் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரில் கமர்லிங் ஓனஸ் என்பவர் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கினார். அதன் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகை. 1911-இல் அக்குளிரில் பாதரசத்தை வைத்துப் பார்த்தபோது, மின்சாரத்துக்கு அது காட்டும் தடை முற்றிலும் மறைந்துபோயிற்று. மீக்கடத்தல் என்பது இதுவே. இந்த ஹீலியத்தின் சுவடு முதலில் தென்பட்டது நம் பக்கத்திலேதான். 1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்று சென்னை மாகாணத்திலிருந்த குண்டூரில் ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்தார். சூரிய ஒளியில் அன்று தெரிந்த மஞ்சள் கோடே பின்னர் ஹீலியம் என்று பெயர் பெற்றது.

1962-இல் பிரையன் ஜோசப்சன் என்னும் 22 வயது மாணவர், இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மிக மெல்லிய தடுப்பு இருந்தாலும் மின்னோட்டம் அதனூடே கடந்து செல்லும் என்று கணக்கிட்டுக் கூறினார். 1973-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1964-இல் அமெரிக்காவின் ஃபோர்டு ஆராய்ச்சிச் சாலையில், அத்தகைய இரு தடுப்புகளைக் கொண்ட சிறு வளையத்தைச் செய்தார்கள். வளையத்துக்குள் நுழையும் காந்தம் இம்மியளவு மாறினாலும் அதன் மின்னழுத்தம் மாறுகிறது. அதுவே ஸ்குவிட். 1969 டிசம்பர் இறுதியில் கோஹனும் சிம்மர்மனும் எடல்சாக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் காந்தம் புகாத அறைக்குள் ஸ்குவிட்டை வைத்து இருதயக் காந்தத்தைத் தெளிவாகப் பதிவு செய்தனர். புதிய துறை அன்று காலூன்றியது.

கல்பாக்கத்துச் சாலை

நிற்க. வெளிநாட்டார் பெருமையே பேசிக்கொண்டிருக்க வேண்டா. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்தைக் கடந்தால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971-இல் தொடங்கியது. அணு உலைக்குப் பெயர் பெற்ற அவ்விடத்தில் ஸ்குவிட் கருவிகளையும் உள்நாட்டிலேயே செய்கிறார்கள். இருதயத்துக்கு 37 உணர்கருவிகள் கொண்ட பொறியும், தலை முழுவதையும் சூழும் 86 உணர்கருவிகள் கொண்ட பொறியும் அங்கே உருவாயின. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளர்களிடம் ஆய்வும் நடத்தியிருக்கிறார்கள்.

அத்தகைய சாலையில் என்னென்ன வேண்டும்? நம் வீட்டுப் பிள்ளைகள் இதனைச் சிறிது கவனமாகக் கேட்கவேண்டும்.

முதலாவது, தூசியற்ற அறை. நையோபியம் என்னும் உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவிட்டு, அதன்மேல் சில அணுக்கள் கனமே உள்ள அலுமினிய ஆக்சைடுத் தடுப்பை உண்டாக்கி, மீண்டும் நையோபியம் பூசுவார்கள். ஒரு தூசி விழுந்தாலும் தடுப்பு கெடும். ஆகவே அங்கே பணிபுரிவோர் தலைமுதல் கால்வரை மூடிய உடையில் இருப்பர்.

இரண்டாவது, ஹீலியத் திரவமும் அதனைத் தாங்கும் கலமும். நையோபியம் பூச்சியத்துக்குக் கீழே 264 பாகைக்கு மேல் மீக்கடத்தும் தன்மையை இழந்துவிடும். ஆகவே உணர்கருவி எப்பொழுதும் ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். கலத்தை இரும்பாலோ எஃகாலோ செய்தால் அதன் காந்தமே அளவைக் கெடுக்கும். எனவே கண்ணாடி நார் கொண்டு செய்கிறார்கள். உள்ளே அவ்வளவு குளிர். வெளியே சில சென்டிமீட்டர் தள்ளி நோயாளியின் வெதுவெதுப்பான தலை. இரண்டுக்கும் இடையே வெற்றிடம். நம் வீட்டுக் காப்பிப் பிளாஸ்கின் தத்துவம்தான்; ஆனால் வேலைப்பாடு எத்தனை மடங்கு!

மூன்றாவது, காந்தம் புகாத அறை. நிக்கலும் இரும்பும் கலந்த மியூ உலோகம் என்னும் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் காந்தத்தை அது தன்னூடே இழுத்து வளைத்துக் கொண்டுபோய்விடும். உள்ளே அமைதி நிலவும். அதனோடு அலுமினியத் தகடுகளும் சேர்த்து அறையைக் கட்டுவர். கதவை மூடிய பிறகு, பூமியின் பெரும் இரைச்சல் அடங்கி, இருதயத்தின் முணுமுணுப்புக் கேட்கத் தொடங்கும்.

நான்காவது, எஞ்சிய இரைச்சலைக் கழிக்கும் சூழ்ச்சி. சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். வண்டியோடு சரக்கை நிறுத்து, வண்டியின் வெறும் எடையைக் கழித்தால் சரக்கின் எடை கிடைக்கும் அன்றோ? அதைப்போலவே ஒரு சுருளை நெஞ்சுக்கு அருகிலும், எதிர்ப்புறமாகச் சுற்றிய மற்றொரு சுருளைச் சற்று மேலேயும் வைக்கிறார்கள். தொலைவிலுள்ள ரயிலின் காந்தம் இரண்டிலும் சமமாகப் பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நெஞ்சின் காந்தம் அருகிலுள்ள சுருளில் மிகுதியாகப் படுவதால் அதுமட்டும் எஞ்சி நிற்கும்.

ஐந்தாவது, பொய்த்தலை. தெரிந்த இடத்தில் தெரிந்த அளவு மின்சாரம் ஓடும் தலை போன்ற உருவம் ஒன்றைச் செய்து, கருவி அவ்விடத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பார்கள். தராசைப் படிக்கல் கொண்டு சரிபார்ப்பது போன்றது இது. இதில் தேறிய பிறகே மனிதத் தலை.

இவ்வளவும் அமைந்தாலும், உள்ளே செல்பவர் கொண்டை ஊசியும் ஊக்கும் சாவிக்கொத்தும் கைக்கடிகாரமும் வெளியே வைத்துவிட்டுத்தான் செல்லவேண்டும். ஒரு சிறு ஊக்கு மூச்சோடு ஏறி இறங்கினால் போதும், மூளையின் குரல் அதில் மூழ்கிவிடும்.

ரயில்வேக்காரர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பம்பாயின் கொலாபாவில் புகழ்பெற்ற காந்த ஆய்வு நிலையம் இருந்தது. நகரில் மின்சார டிராம் வரப்போகிறது என்றவுடன், அதன் மின்னோட்டம் அளவுகளைக் கெடுத்துவிடும் என்று உணர்ந்து, கடலுக்கு அப்பால் அலிபாகில் 1904-இல் புதிய நிலையத்தைத் தொடங்கினார்கள். அதன் கட்டடத்தில் காந்தத் தன்மையுள்ள பொருள் எதுவும் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். டிராமை நிறுத்து என்று சொல்லவில்லை. டிராம் வேண்டா என்று புலம்பவும் இல்லை. நகரம் வளரட்டும், அறிவும் வளரட்டும் என்று இடம் மாறிக்கொண்டார்கள். பிழைப்பின் பொருட்டு இடம் மாறி வந்த நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

மருத்துவருக்கு இதனால் என்ன பயன்?

இ.சி.ஜி., இ.இ.ஜி. இருக்க இக்கருவி எதற்கு என்று கேட்கலாம். மூளையின் மின்சாரம் மண்டை ஓட்டைக் கடந்து வரும்போது சிதறிப் பரவிவிடும். எங்கிருந்து கிளம்பிற்று என்பது மங்கிவிடும். காந்தத்துக்கு எலும்பு தடையன்று. ஆகவே, வலிப்பு மூளையின் எந்த மூலையிலிருந்து எழுகிறது என்பதை ஆயிரத்தில் ஒரு விநாடி நுட்பத்தோடு குறித்துக்காட்ட முடிகிறது. உடலில் எதனையும் ஒட்டவேண்டாம், ஊசி இல்லை, கதிர் இல்லை. பெருங்காந்தத்துக்குள் உடலைச் செலுத்தும் எம்.ஆர்.ஐ. போன்றதும் அன்று. எம்.ஆர்.ஐ. காந்தத்தைச் செலுத்திப் படம் பிடிக்கிறது. இது எதையும் செலுத்தாமல் காதுகொடுத்துக் கேட்கிறது. ஒன்று வீட்டின் வரைபடத்தைத் தருவது. மற்றொன்று வீட்டினுள் யார் பேசுகிறார் என்று சொல்வது. மருத்துவருக்கு இரண்டும் வேண்டும்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மூளைக் காந்தத்தை அளக்கும் பொறி நோயாளர்களுக்குப் பயன்பட்டு வருகிறது. இருதயத்தைப் பொறுத்தவரை இத்துறை இன்னும் வளர்ந்து வருகிறது. எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நெஞ்சு வலித்தால் உடனே இ.சி.ஜி. எடுங்கள், காந்தக் கருவிக்காகக் காத்திருக்க வேண்டா.

ஹீலியத்தின் விலையும் அதற்கு வெளிநாட்டை நம்பியிருத்தலும் இத்துறையின் பெருந்தடை. ஆகவே குளிர் வேண்டாத கருவிகளைத் தேடுகிறார்கள். சிறு கண்ணாடிக் கூட்டில் ரூபிடியம் ஆவியை நிரப்பி, லேசர் ஒளியைச் செலுத்தி, காந்தத்தால் அவ்வொளி எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. 2018-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் இவ்வகைக் கருவிகளைத் தலைக்கவசத்தில் பொருத்தி, தலையை அசைத்துக்கொண்டே அளக்கலாம் என்று காட்டினர். அசையாமல் இருக்கத் தெரியாத குழந்தைகளுக்கு இஃது எத்துணைப் பெரிய பேறு! ஆயினும் காந்தம் புகாத அறை இதற்கும் வேண்டும். நம் மைய அரசும் 2023 ஏப்ரலில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. நுண்ணிய காந்த உணர்கருவிகள் அதன் நோக்கங்களுள் அடங்கும். உணர்கருவிப் பிரிவுக்குப் பம்பாய் ஐ.ஐ.டி. தலைமை தாங்குகிறது.

நம் நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை மறக்கலாகாது. வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வாங்கிய இருதய வால்வை இங்கேயே செய்து, 1990-இல் நோயாளிக்குப் பொருத்திய இடம் அது. மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அறுவை மருத்துவம் செய்வதில் தொண்ணூறுகளிலிருந்தே பெயர் பெற்ற இடமும் அதுவே. மருத்துவரும் கருவி செய்வோரும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு அதுவே சான்று.

காந்தப் படுக்கை பற்றி

இனி, முதலில் சொன்ன இரண்டுக்கும் வருவோம். உடலில் காந்தம் இருக்கிறது என்றோம். இதனைக் கேட்டுவிட்டு, “அப்படியானால் காந்தப் படுக்கை நல்லதுதானே?” என்று யாரும் கேட்கலாம். படுக்கை விற்பவர்கள் சொல்வதும் இதுவே. இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதனை இழுத்து ஓட்டத்தைப் பெருக்கும் என்பார்கள். 1936-இல் பாலிங், கோரியல் என்னும் இருவர் இதனை அளந்து பார்த்தனர். உயிர்வளி ஏறிய இரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. மிக மிகச் சிறிதளவு தள்ளவே செய்கிறது. ஆணியில் உள்ள இரும்பு வேறு. இரத்தத்தில் கலந்து நிற்கும் இரும்பு வேறு.

இவ்வாணிகம் புதியதும் அன்று. பாரிசு நகரில் மெஸ்மர் என்பவர் உயிர்க்காந்தத்தால் எந்நோயும் தீரும் என்று சொல்லிப் பெரும் புகழ் பெற்றார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதனை ஆராய்ந்தது. பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் அதில் இருந்தனர். நோயாளி அறியாமல் செய்தபோது பயன் ஏதும் நிகழவில்லை. நம்பிக்கையே வேலை செய்கிறது என்று குழு முடிவு கூறிற்று. இன்றுவரை நடந்த முறையான ஆய்வுகளிலும் காந்தப் பட்டைகள் மூட்டு வலியைத் தீர்ப்பதாக நிலைநாட்டப்படவில்லை. இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு வலிய காந்தம் நெருங்குவது தீங்கும் செய்யும்.

உடலின் காந்தத்தைக் கேட்பதற்காக அறிஞர்கள் ஓர் ஊக்கைக்கூட உள்ளே விடாமல் அறை கட்டுகிறார்கள். அதே காந்தத்தின் பெயரால் காந்தக் கட்டிகளை அடுக்கி அதன்மேல் நம் தாயையும் தந்தையையும் படுக்க வைக்கிறார்கள் வணிகர்கள். இவ்விரண்டில் எது விஞ்ஞானம் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

வலிப்பும் சாவிக்கொத்தும்

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்குபவை. அடங்கும் நேரத்தில் சாவி கையில் இருந்தது. பெயர் சாவிக்குப் போயிற்று. சாவி தேடும் அந்த நிமிடங்களில் செய்யவேண்டியது வேறு. விழுந்தவரைச் சுற்றியுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலையின்கீழ் மடித்த துணியை வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வேண்டா. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமலே மறுபடியும் வந்தாலும், 108-ஐ அழையுங்கள்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. பத்தில் ஏழு பேருக்கு முறையான மருந்தால் வலிப்பை முற்றும் அடக்கலாம். எஞ்சியவருள் சிலருக்கு, வலிப்பு எழும் இடத்தைச் சரியாகக் கண்டுகொண்டால் அறுவையால் விடுதலை கிடைக்கும். நாம் இதுவரை பேசிய ஸ்குவிட்டும் ஹீலியமும் மியூ உலோகமும் அந்த இடத்தைக் காட்டுவதற்கே. ஆனால் நோயாளி மருத்துவரிடம் வந்தால்தானே கருவி பயன்படும்? நம் வீடுகளில் நோயை மறைக்கிறோம். பெண்ணுக்கு மணமாகாது என்று அஞ்சி, மருந்துச் சீட்டையும் ஒளித்து வைக்கிறோம். கோயிலுக்கும் மந்திரிப்பவருக்கும் சென்ற பிறகு, பல ஆண்டு கடந்து மருத்துவரைக் காண்கிறோம். ஊரைவிட்டு வந்து வாழ்வதால், சொந்தக்காரர் காதுக்கு எட்டிவிடுமோ என்னும் அச்சம் நமக்கு இருமடங்கு. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு குறையாக எழுதப்பட்டிருந்தது; 1999-இல் பாராளுமன்றம் அச்சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் நீக்கியதை நாம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கலாமா? குழந்தையின் நோயை மறைக்கும் தாய் தீயவள் அல்லள், அஞ்சியவள். அவள் அஞ்சாமல் பேசத்தக்க இடமாக இச்சங்கம் இருக்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

மூன்று வேண்டுகோள்கள்

சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, வலிப்புக்கு முதலுதவி முறையைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, சங்க வாயிலிலும் குடியிருப்பின் ஒவ்வொரு படிக்கட்டின் அருகிலும் மாட்டவேண்டும். செலவு அதிகமில்லை. இரண்டு, நோய் தீர்க்கும் என்று சொல்லிக் காந்தப் பண்டம் விற்போருக்கு நம் மண்டபத்தை வாடகைக்கு விடலாகாது. வாடகை வருவாய் குறையும் என்பதைப் பொருளாளர் நினைவூட்டுவார். குறையட்டும். ஒரு முதியவரின் சேமிப்பு காப்பாற்றப்பட்டால் அதுவே வருவாய்.

மூன்று, ஆண்டுதோறும் நம் மாணவ மாணவியரை வானிலையக் குன்றுக்கு அழைத்துச் செல்லவேண்டும்; அங்குள்ள நிலையம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இசைவு கிடைக்குமாயின் கல்பாக்கம் போன்ற சாலைகளையும் காட்டவேண்டும். நம் பிள்ளைகள் ஒன்று மருத்துவர், இல்லையேல் கணிப்பொறி என்று இரண்டே வழிகளை அறிவார்கள். மருத்துவர் கையில் ஏந்தும் கருவியைச் செய்பவர் ஒருவர் வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பௌதிகம் படித்தவர் வேண்டும். கண்ணாடி நாரில் கலம் செய்யத் தெரிந்த கைவினைஞர் வேண்டும். வெற்றிடக் குழாயைப் பழுது பார்க்கும் ஐ.டி.ஐ. படித்தவரும் வேண்டும். அச்சாலைகளில் பட்டம் பெற்றவருக்கு மட்டுமன்று, கைத்திறன் உள்ளவருக்கும் இடமுண்டு. மதிப்பெண் குறைந்ததென்று வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை இங்கே யாரேனும் இருந்தால், அப்பிள்ளை இதனைக் குறித்துக்கொள்ளட்டும்.

அகத்திய மலைமேல் அன்று காந்த முள்ளைப் பார்த்து எழுதியவர்களுக்கு, அது பின்னாளில் நோயாளியின் தலையருகே வந்து நிற்கும் என்று தெரிந்திருக்காது. நல்ல அளவைத் துல்லியமாக எழுதி வைத்தார்கள். பயன் பின்னே வந்தது. கணக்கெழுதும் எமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. சரியாக எழுதிய எண் வீணாவதில்லை.

 வளர்க அறிவு! வாழ்க தமிழ்!